டூகம்கேரியின் நீலத் தகைவிலான்: ஒரு சாலையோர மோட்டலின் நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டில் மோட்டல் என்றதும் தொலைதூரப் பேருந்து இருபது நிமிடம் நின்று போகும் நெடுஞ்சாலை உணவகம்தான் நினைவுக்கு வரும். தங்கும் அறையை அந்தச் சொல்லோடு நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை. அந்தச் சொல் பிறந்த அமெரிக்காவில் அதன் பொருள் முழுக்க அறையைப் பற்றியது. 1925 டிசம்பரில், லாஸ் ஏஞ்சலிஸுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவழியிலுள்ள சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற ஊரில், ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டடக் கலைஞர் காரில் வருபவர்களுக்கென ஒரு விடுதியைத் திறந்தார். மோட்டார், ஹோட்டல் என்ற இரு சொற்களையும் ஒட்டவைத்து 'மோ-டெல்' என்று அதற்குப் பெயரிட்டார். ஓர் இரவுக்கு வாடகை ஒன்றேகால் டாலர். காரை அறை வாசலிலேயே நிறுத்தலாம், பெட்டியைத் தானே இறக்கிக்கொள்ளலாம், முகப்புக் கூடத்தில் யாருக்கும் முகம் காட்ட வேண்டியதில்லை. இந்த மூன்று வசதிகளை நம்பி ஒரு தொழில் எழுந்தது. 1964இல் உச்சத்தில் இருந்தபோது அந்நாட்டில் சுமார் 61,000 மோட்டல்கள் இருந்தன என்றும், 2012இல் அவை சுமார் 16,000 ஆகக் குறைந்துவிட்டன என்றும் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு கூறுகிறது.

இந்த வீழ்ச்சியைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை நியான் பலகைக்காக ஏங்குபவை. ஏக்கத்தில் தவறில்லை, ஆனால் எது போயிற்று என்று கேட்டால் அந்த எழுத்துகள் சரியான விடை தருவதில்லை என்பது என் கருத்து. ஆகவே மறைந்துபோன ஒன்றை விட்டுவிட்டு, பிழைத்துக் கிடக்கும் ஒன்றை இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன். நியூ மெக்சிகோ மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், டூகம்கேரி என்ற சிற்றூரில், பழைய 66ஆம் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிற்கும் புளூ ஸ்வாலோ மோட்டல்தான் அது. ஸ்வாலோ என்பது நம் ஊரில் தகைவிலான் என்று சொல்லப்படும் குருவி.

ஊரும் சாலையும்

டூகம்கேரி 1901இல் இரயில் பாதை போட வந்தவர்களின் முகாமாகத் தொடங்கிய ஊர். சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா வரை ஏறத்தாழ 2,400 மைல் ஓடிய 66ஆம் நெடுஞ்சாலை 1926 நவம்பரில் அறிவிக்கப்பட்டபோது, இந்த ஊர் அதன்மேல் அமைந்தது. கிழக்கே அமரில்லோ சுமார் 180 கிலோமீட்டர். மேற்கே அல்புகர்க்கி சுமார் 280 கிலோமீட்டர். நடுவில் பெரிய ஊர் எதுவும் இல்லை. வறண்ட மேட்டுநிலமும், தலை தட்டையான டூகம்கேரி மலையும்தான். அன்றைய கார்களின் வேகத்தில், காலையில் டெக்சாஸுக்கு அப்பாலிருந்து மேற்கே புறப்பட்டவருக்கு இங்கே பொழுது சாய்ந்துவிடும். 1938இல் சாலை முழுவதும் தளம் போடப்பட்டு முடிந்ததும், ஊர் தன் பிழைப்பை அந்தப் பொழுதுசாய்தலின் மேலேயே கட்டிக்கொண்டது. பல நூறு மைல் தொலைவிலிருந்தே சாலையோர விளம்பரப் பலகைகள் "இன்றிரவு டூகம்கேரி, 2,000 மோட்டல் அறைகள்" என்று அறிவித்துக்கொண்டே வந்தன. 1960ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் அந்த ஊரில் இருந்தவர்கள் 8,143 பேர். பலகை சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய நான்கு பேருக்கு ஓர் அறை.

புளூ ஸ்வாலோவின் கட்டுமானத்தை டபிள்யூ. ஏ. ஹக்கின்ஸ் என்பவர் 1939இல் தொடங்கினார். ஆங்கில எல் எழுத்தைப் போல மடங்கிய ஒற்றை வரிசைக் கட்டடம். இளஞ்சிவப்புச் சுதை பூசிய சுவரில் சிப்பி வடிவ அலங்காரம். மேலே படிப்படியாக ஏறியிறங்கும் கைப்பிடிச்சுவர். மொத்தமே ஏறக்குறைய ஒரு டஜன் அறைகள். உரிமையாளர் குடும்பம் குடியிருக்கும் பகுதியும் அலுவலகமும் அவற்றோடு சேர்ந்தே இருந்தன. இந்த மோட்டலின் தனித்தன்மை, அறைக்கும் அறைக்கும் நடுவே காருக்கென்று ஒரு சிறு கொட்டகை வைத்துக் கட்டியது. மனிதன் ஒரு கதவின் பின்னே உறங்க, அவன் கார் அடுத்த கதவின் பின்னே உறங்கியது. கார் என்பது ஒரு குடும்பத்தின் பெருஞ்செல்வமாக இருந்த நாளில் அது வெறும் ஆடம்பரமாக இருந்திருக்காது.

கட்டடத்தைவிடப் புகழ்பெற்றது அதன் பலகை. நீலப் பறவை ஒன்று சிறகு விரிக்க, கீழே '100 சதவீதம் ரெஃப்ரிஜிரேட்டட் ஏர்' என்ற வரி ஒளிரும். இன்று படமெடுக்க வருபவர்களில் பலர் அந்த வரியைப் பழங்காலத்து வேடிக்கையாகப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நமக்கு அது உடனே புரியும்: இது ஏர் கூலர் அல்ல, ஏ.சி. என்பதுதான் அந்த அறிவிப்பு. அமெரிக்காவின் தென்மேற்கு வறள்நிலத்தில், ஈரமான மரச்சீவல் மெத்தையின் வழியே காற்றை ஊதும் கூலர்களே பரவலாக இருந்தன. அவற்றிலிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்டத்தான் நூறு சதவீதம் என்று அடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. எதிர்ப்பக்கத்து மோட்டலின்மேல் எறிந்த கல் அது, கவிதையாக எழுதப்பட்டதல்ல.

லில்லியன் ரெட்மன்

1958இல் ஃப்ளாய்ட் ரெட்மன் இந்த மோட்டலை வாங்கி, தான் மணக்கவிருந்த லில்லியனுக்கு நிச்சயதார்த்தப் பரிசாகக் கொடுத்தார். லில்லியன் 1910களில் சிறுமியாகப் பெற்றோருடன் மூடுவண்டியில் நியூ மெக்சிகோவுக்கு வந்தவர். இளமையில் இரயில் நிலையங்களை ஒட்டியிருந்த ஃப்ரெட் ஹார்வி உணவகங்களில் பரிமாறும் வேலை பார்த்தவர். பயணிக்கு என்ன வேண்டும் என்பதை அவர் தட்டு ஏந்திக் கற்றுக்கொண்டார். விடுதிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் வாழ்த்துரை அச்சிட்ட ஓர் அட்டையைக் கையில் கொடுப்பது அவர் வழக்கம். அறைக்குக் கொடுக்கப் பணமில்லை என்று நின்றவர்களிடம் அவரும் கணவரும் கைவசமிருந்த ஏதாவது பொருளை வாங்கிக்கொண்டார்கள். அதுவும் இல்லாதவர்களைச் சும்மாவே தங்கவைத்தார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை இந்த மோட்டலைப் பற்றி வைத்திருக்கும் குறிப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது.

இந்தத் தாராளத்தின் பொருளாதாரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு அறைகளின் வாடகையில் சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தினால் மிச்சம் நிற்காது. உரிமையாளரே அலுவலகத்தின் பின்னறையில் குடியிருந்து, அவரே விரிப்பு துவைத்து, அவரே நள்ளிரவு மணியோசைக்கு எழுந்து கதவு திறந்தால்தான் கணக்கு சரிக்கட்டும். கூலி எழுதப்படாத அந்த உழைப்புதான் மோட்டலின் மூலதனம். காலியாகக் கிடக்கும் அறையை ஓர் ஏழைப் பயணிக்குக் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க லில்லியனுக்கு யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை. அறையும் அவருடையது, நட்டமும் அவருடையது. ஃப்ளாய்ட் 1973இல் இறந்த பிறகும் அவர் தனியாளாக அதை நடத்தினார். 1998இல் விற்றுவிட்டு, அடுத்த ஆண்டே மறைந்தார்.

புறவழிச்சாலை

1956இல் அதிபர் ஐசனாவர் கையெழுத்திட்ட கூட்டரசு நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் இன்டர்ஸ்டேட் விரைவுச்சாலைக்கு வழி செய்தது. செலவில் 90 சதவீதத்தைக் கூட்டரசே ஏற்றது. பெட்ரோல் மீதான வரி கேலனுக்கு 2 சென்டிலிருந்து 3 சென்ட் ஆனது. புதிய சாலை ஊருக்குள் நுழையாது. ஊருக்கு வெளியே வளைந்து செல்லும், இறங்கும் தடங்களில் மட்டும் ஊரைத் தொடும். இதனால் நேரும் சேதம் மோட்டல்காரர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. கதை கேட்பவர்கள் பலர் நினைப்பதுபோல அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 66ஆம் சாலை வணிகர்களின் நெருக்குதலால், ஊரின் சம்மதமின்றிப் புறவழிச்சாலை போடக் கூடாது என்று 1963இல் நியூ மெக்சிகோ சட்டமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. ஆனால் கூட்டரசின் சாலை நிதியை எதிர்த்து ஒரு மாநிலம் எத்தனை நாள் நிற்க முடியும்? சில ஆண்டுகளிலேயே அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அப்படியும் டூகம்கேரியைச் சுற்றிச் செல்லும் 40ஆம் இன்டர்ஸ்டேட் 1981இல்தான் திறந்தது. இந்த இழுபறியால் ஊருக்குக் கிடைத்தது சில ஆண்டு அவகாசம் மட்டுமே.

டூகம்கேரிக்குக் கிழக்கே, டெக்சாஸ் எல்லையின் மேலேயே அமர்ந்திருந்த கிளென்ரியோவுக்கு அந்த அவகாசமும் கிடைக்கவில்லை. 1970களிலேயே அதைச் சாலை கைவிட்டது. அங்கிருந்த ஒரு மோட்டலின் பலகையில் மேற்கிலிருந்து வருபவர்களுக்கு 'டெக்சாஸின் முதல் மோட்டல்' என்றும், கிழக்கிலிருந்து வருபவர்களுக்கு 'டெக்சாஸின் கடைசி மோட்டல்' என்றும் எழுதியிருந்தது. இன்று அந்த ஊர் பெரும்பாலும் வெறும் சுவர்களாக நிற்கிறது. 1985 ஜூனில் 66 என்ற எண்ணே அதிகாரப்பூர்வமான நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. போக்குவரத்து புதிய சாலைக்கு மாறிப்போனது ஒரு பழைய நண்பரை இழந்ததுபோல் இருந்தது என்று லில்லியன் சொன்னார்.

சாலை மட்டும் காரணமல்ல. 1951இல் மெம்பிஸைச் சேர்ந்த கெம்மன்ஸ் வில்சன் குடும்பத்தோடு வாஷிங்டனுக்குக் காரில் போனபோது, வழியில் தங்கிய மோட்டல்களில் குழந்தைக்குத் தலா 2 டாலர் கூடுதலாகக் கேட்டார்கள். அறைகளின் தரமோ ஊருக்கு ஊர் மாறியது. அந்தக் கோபத்தில் 1952இல் அவர் தொடங்கியதுதான் ஹாலிடே இன். எங்கே போனாலும் ஒரே அறை, குழந்தைக்குத் தனிக் கட்டணம் இல்லை, பிற்பாடு கணினி வழி முன்பதிவு. 1962இல் சாண்டா பார்பராவில் மோட்டல் 6 தொடங்கியது. இரவுக்கு 6 டாலர் என்பதே அதன் பெயர். தனியார் மோட்டல்களை விழுங்கிய நிறுவனங்கள் அந்த மோட்டல்களின் குறைகளிலிருந்தே முளைத்தவை. இதை ஏக்கக் கட்டுரைகள் சொல்வதில்லை. முன்பின் தெரியாத ஊரில், இருட்டிய பிறகு, ஒவ்வொரு வாசலிலும் இறங்கி அறையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக் காரேறிய பெற்றோருக்கு, எல்லா ஊரிலும் ஒரே மாதிரியான அறை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். விரைவுச்சாலையின் இறங்குதடத்தை ஒட்டி நிலம் வாங்கும் பண பலமும் அந்த நிறுவனங்களுக்கே இருந்தது. 1965இன் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம் விரைவுச்சாலையோர விளம்பரப் பலகைகளைக் கட்டுப்படுத்தியபோது, ஊருக்குள் ஒதுங்கிப்போன விடுதிகளின் கடைசிக் குரலும் தணிந்தது.

ஏக்கம் மறைப்பவை

அந்த நியான் விளக்கு எல்லோருக்கும் எரியவில்லை. 66ஆம் சாலை கடந்து சென்ற 89 மாவட்டங்களில் 44இல், இருட்டியபின் கறுப்பினத்தவர் இருக்கக் கூடாது என்ற விதியைக் கடைப்பிடித்த ஊர்கள் இருந்தன. நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த அஞ்சல்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936 முதல் வெளியிட்ட பயணக் கையேட்டை வைத்துக்கொண்டுதான் கறுப்பினக் குடும்பங்கள் எந்த வாசலில் துணிந்து மணி அடிக்கலாம் என்று தெரிந்துகொண்டன. 'அறை காலி' என்ற பலகை எரிந்துகொண்டிருக்க, உள்ளே போனதும் அறை இல்லை என்ற பதிலைக் கேட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பிள்ளைகளின் நினைவில் இந்தச் சாலை வேறு மாதிரித்தான் இருக்கும்.

இன்னொரு மறைப்பு நமக்கு நெருக்கமானது. 1970களில், விரைவுச்சாலையால் விலை சரிந்து கிடந்த மோட்டல்களை வாங்கியவர்களில் பலர் குஜராத்திலிருந்து நேராக வந்தவர்களும், 1972இல் இடி அமீனின் ஆணையால் உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்ட குஜராத்திகளும். அவர்கள் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு மேலே சொன்ன கணக்கே காரணம்: குடியிருக்க இடமும் பிழைக்கத் தொழிலும் ஒரே கொள்முதலில் கிடைத்தன, குடும்பமே வேலையாட்கள். காப்பீட்டு நிறுவனங்கள் அவர்களுக்குக் காப்பீடு தர மறுத்தன. வங்கிகள் கடன் தர மறுத்தன. பக்கத்து மோட்டல்காரர் தன் பலகையில் 'அமெரிக்கருக்குச் சொந்தமானது' என்று எழுதிவைத்தார். இந்தப் பாகுபாட்டை எதிர்கொள்ளவே 1989இல் அட்லாண்டாவில் ஆசிய அமெரிக்க ஓட்டல் உரிமையாளர் சங்கம் உருவானது. இன்று அமெரிக்க மோட்டல்களில் ஏறத்தாழப் பாதி இந்திய வம்சாவளியினர் கையில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. லில்லியனின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள், அதே பின்னறையில் அதே விரிப்புகளை மடித்துவைத்த குஜராத்திப் பெண்களைப் பற்றியும் எழுதினால்தான் மோட்டலின் வரலாறு முழுமை பெறும். அவர்கள் வாங்கியிராவிட்டால் இன்று ஏங்குவதற்கு இவ்வளவு கட்டடங்கள் மிஞ்சியிருக்காது.

பாதுகாப்பு என்பது என்ன

1993இல் புளூ ஸ்வாலோ தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. பதிவேட்டில் ஏறினால் கட்டடம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது உண்மையல்ல. தனியார் சொத்தை அதன் உரிமையாளர் தன் பணத்தில் இடிக்க விரும்பினால் அந்தப் பதிவேடு தடுக்காது. செயிண்ட் லூயிஸ் நகரை ஒட்டி, தேன்நிற மெருகுச் செங்கல்லும் கண்ணாடிக் கட்டிகளும் வைத்து 1941இல் கட்டப்பட்ட கோரல் கோர்ட் மோட்டல் 1989இல் பதிவேட்டில் ஏறி, 1995இல் வீடுகள் கட்டுவதற்காக இடிக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியை மட்டும் பெயர்த்தெடுத்துப் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த மோட்டலிலும் காருக்குக் கொட்டகை இருந்தது. மணிக்கணக்கில் அறை எடுப்பவர்களுக்கு அது வசதியானதால், ஊரில் அந்த மோட்டலுக்கு வேறொரு பெயரும் இருந்தது. 1940இலேயே எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் சாலையோர விடுதிகளைக் குற்றவாளிகளின் புகலிடம் என்று ஒரு பத்திரிகைக் கட்டுரையில் சாடியிருந்தார்.

2007இல் வரலாற்றுச் சின்னங்களைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளை, அழியும் நிலையிலுள்ள 11 இடங்களின் ஆண்டுப் பட்டியலில் 66ஆம் சாலை மோட்டல்களை ஒட்டுமொத்தமாகச் சேர்த்தது. அதற்கு முன்பே, 1999இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் வழியாகத் தேசியப் பூங்காத் துறை இச்சாலையோரக் கட்டடங்களுக்குச் செலவுப் பங்கீட்டு மானியம் தரத் தொடங்கியிருந்தது. புளூ ஸ்வாலோவின் நியான் பலகையும் அதில் பயன்பெற்றது. நியானைப் பழுதுபார்ப்பது பல்பு மாற்றுவது போன்றதல்ல. கண்ணாடிக் குழாயைத் தீயில் இளக்கி, எழுத்தின் வளைவுக்கேற்பக் கையால் வளைத்து, காற்றை உறிஞ்சி வாயுவை நிரப்ப வேண்டும். நியான் வாயு தருவது செம்மஞ்சள் நிறம் மட்டுமே. பறவையின் நீலம் வேண்டுமானால் ஆர்கானோடு ஒரு துளி பாதரசம் சேர்க்க வேண்டும். இந்த வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் விரல்விட்டு எண்ணும்படி இருப்பதால், பலகை ஒன்று அணைந்தால் அதை எல்.இ.டி.யாக மாற்றிவிடலாமா என்ற ஆசை உரிமையாளருக்கு வருவது இயல்பு.

டூகம்கேரியில் மற்றவற்றின் கதி பலவிதம். 1959இல் கட்டப்பட்ட மோட்டல் சஃபாரி இன்றும் இயங்குகிறது. கேக்டஸ் மோட்டார் லாட்ஜின் அறைகள் மூடப்பட்டு, அதன் முற்றம் வண்டிவீடுகள் நிறுத்தும் இடமாயிற்று. பல இடங்களில் கம்பம் மட்டும் நிற்க, பலகையின் எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 5,278.

புளூ ஸ்வாலோ ஏன் பிழைத்தது என்ற கேள்விக்கு என் விடை இது: அது இப்போது வழித்தங்கல் அல்ல, பயணத்தின் இலக்கு. 66ஆம் சாலையைப் பார்ப்பதற்கென்றே கடல் தாண்டி வருகிறவர்கள், முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, எண் சுழற்றும் பழைய தொலைபேசி இருக்கும் அறையில் ஓர் இரவு தங்கி, வாசலில் போட்டிருக்கும் இரும்பு நாற்காலியில் அமர்ந்து பலகை எரிவதற்காகக் காத்திருக்கிறார்கள். இருட்டிவிட்டதே என்று தற்செயலாக ஒதுங்குபவருக்காகக் கட்டிய இடத்தில் தற்செயலுக்கு இப்போது அதிகம் இடமில்லை. காசில்லாதவர் வந்து நின்றால் கொடுப்பதற்குக் காலி அறையும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இப்படி மாறாத மோட்டல்கள்தான் கம்பமாக நிற்கின்றன. ஆனால் அழிந்தது கட்டடக்கலை என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கட்டடம் இருக்கிறது, பலகை எரிகிறது, முன்பு அங்கே நடந்த தொழில் மட்டும் வேறொன்றாகிவிட்டது.

மாறாமல் இருப்பது பின்னறை. 1998க்குப் பிறகு இந்த மோட்டல் பலமுறை கைமாறிவிட்டது. வாங்கியவர்கள் தம்பதியாக வந்து, தாங்களே விடுதியில் குடியிருந்து, தாங்களே நடத்தி, சில ஆண்டுகளுக்குப் பின் அடுத்தவரிடம் ஒப்படைத்தார்கள். அறைகளை ஒட்டிய கொட்டகைகளும் அப்படியே இருக்கின்றன. இன்றைய பெரிய பிக்கப் வண்டிகள் பல அவற்றுக்குள் நுழையாது. அவற்றில் வருபவர்கள் வண்டியை வெளியே முற்றத்தில், பறவையின் நீல வெளிச்சத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போகிறார்கள்.